மூன்று கண்டெய்னர், ஒரு கோப்புறை, 5000 என்ற எண்

பதினோரு நாளாக மாமாவின் அச்சகத்திலிருந்து ஃபோன் வரவில்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் தினமும் காலை பத்தேகாலுக்கு வந்துகொண்டிருந்தது. "தம்பி, கோப்பு திறக்கிறது. ஆனால் சேமிக்க விடமாட்டேன் என்கிறது" என்பார் பக்க வடிவமைப்பு பார்க்கும் அக்கா. வைகாசி முகூர்த்த நெருக்கடியில் அவருக்கு ஒரு நாளைக்கு இருபது அழைப்பிதழ் முடித்தாக வேண்டும். நான் அலுவலகத்தில் ஒரு கையில் தேநீரோடு அனுமதிகளைத் திறந்துவிடுவேன். மறுநாள் அதே நேரம், அதே ஃபோன்.

இப்போது அது சரியாகிவிட்டது. சரியான விதம் எனக்கே மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன். கட்டளைகளையும் பாதைகளையும் ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். இந்த வேலையில் கை வைத்தவர்களுக்கு அவற்றை அடையாளம் காண்பது கடினமாக இருக்காது.

முதலில், அச்சகத்தின் கோப்புகளை எல்லாரும் பகிர நான் அமைத்த இயந்திரம். நான்காம் தலைமுறை ஐ5 உள்ள பழைய மேசைக் கணினி, சென்னை ரிச்சி தெருவில் 8,500 ரூபாய். கூடுதலாக 8 ஜிபி நினைவகம் 1,400. இயங்குதளத்துக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி 1,600. தரவுக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒன்று 9,200. மின்வெட்டுக்கு ஒரு யுபிஎஸ் 3,200. மொத்தம் 33,100 ரூபாய். "இந்தப் பணத்துக்கு ஒரு கட்டிங் மெஷினுக்கு முன்பணம் கொடுத்திருக்கலாம் மாப்பிள்ளை" என்றார் மாமா. தவறில்லை.

அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவினேன்; ஒரே இயந்திரத்துக்குள் பல கணினிகளைப் பிரித்து ஓட்டும் லினக்ஸ் இயங்குதளம் அது. இனி ஹோஸ்ட் என்றால் இதுதான். 16 ஜிபி நினைவகத்தில் மூன்று முழு மெய்நிகர் கணினிகளை ஓட்டினால் மூச்சு முட்டும் என்பதால் மூன்று எல்எக்ஸ்சி கண்டெய்னர்கள், அதாவது ஹோஸ்டின் கர்னலையே (லினக்ஸின் மையப் பகுதி) பகிர்ந்துகொள்ளும் தனித்தனி அறைகள். எண் 101இல் சாம்பா, விண்டோஸ் கணினிகள் கோப்புறையைப் பார்ப்பது இதன் வழியாக. 102இல் ஸ்கேன் வேலை. வருகிற படத்தை நிமிர்த்தி, டெசராக்ட் கொண்டு தமிழ் எழுத்தைப் படித்து, பிடிஎஃப் ஆக்கி வைக்கும் என் சிறு பைத்தான் நிரல். 103இல் சின்க்திங், என் வீட்டுக்கு ஒரு நகல். மூன்றும் டெபியன் லினக்ஸ், மூன்றும் அன்பிரிவிலெஜ்டு வகை: உள்ளே நிர்வாகியாக இருப்பவருக்கு ஹோஸ்டில் அந்த அதிகாரம் இல்லை. கண்டெய்னர்களின் மூல வட்டுகள் எஸ்எஸ்டியில், எல்விஎம் பிரிவுகள் மீது ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை. இரண்டு பெரிய டிஸ்க்குகளும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் மிரர், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் இருக்கும். அந்த டிஸ்க் தொகுப்பின், அதாவது பூலின் பெயர் கிடங்கு, அதற்குள் அச்சு என்று ஒரு தனிப் பகுதி, டேட்டாசெட். அதே கோப்புறை மூன்று கண்டெய்னருக்குள்ளும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்திருந்தேன்.

ஸ்கேன் ஆவது என்ன? முப்பது வருடத்து அழைப்பிதழ்கள். கல்யாணம், காதணி விழா, புதுமனை, கோயில் கும்பாபிஷேகம். அச்சகத்தில் ஒரு மூலையில் சாக்குப்பையில் கிடந்தவை. ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். நூறு அட்டை போட்டால் ஸ்கேனர் கண்ணாடியில் நான்கு மஞ்சள் திட்டு. அதைத் துடைக்கும் வேலைக்கு இன்னும் எந்த நிரலும் வரவில்லை.

சரி, கோளாறுக்கு வருகிறேன். முதல் வாரமே ஒரு துப்பு கையில் கிடைத்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. ஸ்கேன் ஆன கோப்பை மாமா தன் கணினியிலிருந்து மாற்றிச் சேமிக்க முடிந்தது. அக்காவால் முடியவில்லை. "உனக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று மாமா அக்காவைச் சந்தேகமாகப் பார்த்தார். நானும், விண்டோஸ் தகராறு, பழைய கடவுச்சொல் என்று எதையோ சொல்லிவைத்தேன்.

பிறகு சோம்பேறித்தனத்தின் உச்சமாக ஒரு காரியம் செய்தேன். குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் ஹோஸ்டின் க்ரானில் ஒரு வரி: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அச்சு டேட்டாசெட்டில் உள்ள அத்தனைக்கும் 777 அனுமதி, அதாவது யாரும் எதையும் செய்யலாம். (மூன்று இலக்கமும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்; படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டிப் போடுவது.) தற்காலிகம் என்று குறிப்பும் போட்டிருந்தேன். ஃபோன் நிற்கவில்லை, குறைந்தது. ஸ்கேன் ஆன உடனே அக்கா திறந்தால் சேமிக்க முடியாது. ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் முடியும். "கொஞ்ச நேரம் ஆறவைத்துத் திறக்க வேண்டும்" என்று அவரே ஒரு விதி கண்டுபிடித்துக்கொண்டார். இட்லியா அது?

இரண்டாவது பிரச்சினை அங்கிருந்து பிறந்தது. இரவு முழுவதும் டிஸ்க்குகள் கரகரவென்று ஓடிக்கொண்டே இருப்பதாக மாமா சொன்னார். மணிக்கொரு முறை எடுக்கும் ஸ்னாப்ஷாட்டும் (அந்த நேரத்து நிலையின் பதிவு), யாரும் வேலை செய்யாத இரவு நேரத்தில்கூட வீங்கிக்கொண்டே போனது. காரணம் க்ரான் வரிதான். ஆனால் எனக்கு அது தோன்றவே இல்லை. ஏடைம் என்று நினைத்தேன். கோப்பைப் படிக்கும்போதெல்லாம் படித்த நேரத்தைப் பதிந்துவைப்பதால் வரும் எழுத்துவேலை அது. சின்க்திங் இரவில் எல்லாவற்றையும் வருடிப் பார்க்கிறது, அதனால் எழுதுகிறது என்று ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

கட்டிய கதையை நம்பி 101க்குள் நுழைந்து எந்த வட்டை எப்படி இணைப்பது, அதாவது மவுண்ட் செய்வது என்று சொல்லும், ஈடிசி அடைவின் எஃப்ஸ்டேப் கோப்பைத் திறந்தேன். உள்ளே "அடிப்படை அமைப்புக்கான எஃப்ஸ்டேப் அமைக்கப்படவில்லை" என்ற பொருளில் ஓர் ஆங்கிலக் குறிப்பு வரி மட்டும். இத்தனை வருடப் பழக்கம், மூல அடைவுக்கு நோஏடைம் (படித்த நேரத்தைப் பதியாதே) என்று ஒரு வரி எழுதி மறுதொடக்கம் செய்தேன். சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் மறுமவுண்ட் செய்யும் சேவை சிவப்பில் விழுந்து கிடந்தது. ஃபைண்ட்மவுண்ட் போட்டால் பழையபடி ரிலேடைம், அதாவது படித்த நேரத்தை எப்போதாவது மட்டும் பதிவது. கையாலேயே மவுண்ட் கட்டளையில் ரீமவுண்ட் கொடுத்தேன்: அனுமதி மறுக்கப்பட்டது. நான் ரூட், எல்லா அதிகாரமும் உள்ள பயனர். ரூட்டுக்கு அனுமதி இல்லையாம்.

வாடகை வீட்டில் ரூட் என்பது வாடகைக்காரர்தான். அன்பிரிவிலெஜ்டு கண்டெய்னரின் மூல வட்டை ஹோஸ்ட்தான் மவுண்ட் செய்து உள்ளே கொடுக்கிறது. அதிக அதிகாரம் உள்ள இடத்திலிருந்து குறைந்த அதிகாரம் உள்ள இடத்துக்கு வரும் மவுண்டில், படிக்க மட்டும், நோசூயிட், நோஎக்ஸெக், ஏடைம் வகைக் கொடிகளை லினக்ஸ் கர்னல் பூட்டியே அனுப்புகிறது. உள்ளே இருந்து திறக்க முடியாது. எஃப்ஸ்டேப்பில் எத்தனை வரி எழுதினாலும் வீட்டுக்காரர் அடித்த பூட்டு அது.

மாற்ற வேண்டிய இடம் வெளியே. ஹோஸ்டில் ஈடிசி, பிவிஇ, எல்எக்ஸ்சி அடைவுக்குள் 101 டாட் கான்ஃப் என்ற கோப்பு. அதில் ரூட்எஃப்எஸ் வரியின் நடுவில், அளவுக்கு முன்னால், மவுண்ட்ஆப்ஷன்ஸ் சமம் நோஏடைம். இதைக் கோப்பில் கைவைக்காமல் பிசிடி செட் கட்டளையாலும் செய்யலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். நோஏடைம், டிஸ்கார்ட் (அழித்த இடத்தை வட்டுக்குத் தெரிவிப்பது) இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு விருப்பங்களுக்கு நடுவில் அரைப்புள்ளி போட வேண்டும். மேற்கோள் குறிக்குள் வைக்க மறந்தேன். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அந்த அரைப்புள்ளியோடு கட்டளை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, டிஸ்கார்ட் என்ற கட்டளையைத் தேடிப் பார்த்து "கிடைக்கவில்லை" என்றது. முதல் பாதி மட்டும் பதிவாகியிருந்தது. இதைக் கவனிக்க எனக்கு இருபது நிமிடம். அதன்பின் கோப்பையே நேனோ என்ற உரைத் திருத்தியில் திறந்து திருத்தினேன்.

தரவு டேட்டாசெட் இசட்எஃப்எஸ் என்பதால் அதற்கு வேறு வாசல். பார்த்தபோது ஏடைம் ஆன், ரிலேடைம் ஆஃப் என்று இருந்தது. இசட்எஃப்எஸ் செட் கட்டளையில் ஏடைமை ஆஃப் செய்து கண்டெய்னர்களை மறுதொடக்கம் செய்தேன். உள்ளே ஃபைண்ட்மவுண்ட் நோஏடைம் என்று காட்டியது. மகிழ்ச்சி.

கரகர நிற்கவில்லை.

எஸ்எஸ்டி பக்கம் நான் செய்ததில் பெரிய பலன் இருந்திருக்கவும் முடியாது. கர்னல் 2.6.30இல், 2009இலேயே ரிலேடைம் இயல்புநிலை ஆகிவிட்டது. படித்த நேரம் திருத்திய நேரத்தைவிடப் பழையதாக இருந்தாலோ, ஒரு நாளைக்கு மேல் ஆகியிருந்தாலோதான் எழுதும். மற்ற நேரம் சும்மா இருக்கும். தெரிந்த விஷயம்தான். கதை கட்டுகிறவனுக்குத் தெரிந்தது எப்போது நினைவுக்கு வந்திருக்கிறது?

இந்தத் தோல்விக்குப் பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து, மூன்று கண்டெய்னரிலும் ஒரே கோப்புறையை எண்களோடு பட்டியலிட்டுப் பார்த்தேன். பெயர் காட்டாமல் எண் காட்டும் எல்எஸ் விருப்பம் ஒன்று இருக்கிறது, சிறிய என். அதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

மூன்று வகைக் கோப்புகள் இருந்தன. நான் வெளி டிஸ்க்கிலிருந்து ஹோஸ்டில் நேரடியாக நகலெடுத்த பழையவை: ஹோஸ்டில் உரிமையாளர் 0, கண்டெய்னருக்குள் 65534, அதாவது நோபடி. ஆளில்லாக் கோப்பு. அடுத்து ஸ்கேன் நிரல் எழுதியவை: ஹோஸ்டில் 101000. மூன்றாவது அக்கா சாம்பா வழியாகப் போட்டவை: 101001.

அன்பிரிவிலெஜ்டு கண்டெய்னரில் உள்ளே இருக்கும் எண்ணோடு 100000 கூட்டினால் வெளியே இருக்கும் எண். 0 என்பது 100000, 1000 என்பது 101000. 65536 எண்கள் இப்படி இடம்பெயர்கின்றன. ஹோஸ்டின் உண்மையான 0 இந்த வரம்புக்கு வெளியே. அதனால் அது உள்ளே நோபடி. இயல்புநிலையில் எல்லாக் கண்டெய்னருக்கும் அதே 100000தான். 102இல் ஸ்கேன் சேவையின் பயனர் எண் 1000. 101இல் முதலில் உருவாக்கிய பயனர் மாமா. அவர் எண்ணும் 1000. ஆக, ஸ்கேன் நிரல் எழுதிய ஒவ்வொரு கோப்புக்கும் 101இன் கண்ணில் மாமாதான் உரிமையாளர். அக்கா 1001. முதல் வாரத் துப்பு இதுதான். கோளாறு அக்காவின் விண்டோஸில் இல்லை. மாமாவுக்கு மட்டும் தற்செயலாக வேலை செய்துகொண்டிருந்தது.

இதைப் பார்த்த உற்சாகத்தில் அடுத்த தவறு. இணையத்தில் எல்லாரும் சொல்லும் வழி ஐடிமேப்: உள்ளே இருக்கும் 1000ஐ வெளியே இருக்கும் 1000க்கே நேராக இணைப்பது. கான்ஃப் கோப்பில் மூன்று துண்டாக எழுத வேண்டும். 0 தொடங்கி 999 வரை ஆயிரம் எண்கள் 100000க்கு. 1000 மட்டும் ஓர் எண் 1000க்கு. 1001 முதல் மீதி எண்கள் 101001க்கு. மீதி எத்தனை? 65536இலிருந்து 1001 கழித்தால் 64535. நான் 64536 என்று எழுதினேன். கண்டெய்னர் எழவே இல்லை. பதிவைப் பார்த்தால் அந்த வரம்புக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி. ஒன்று கூடிவிட்டது. அதைத் திருத்தியும் எழவில்லை. ஈடிசி அடைவின் சப்யூஐடி, சப்ஜிஐடி கோப்புகளில் ரூட்டுக்கு 1000 என்ற எண்ணைத் தர அனுமதி வரி சேர்க்க மறந்திருந்தேன். சேர்த்தபின் எழுந்தது. ஆனால் உள்ளே மாமாவின் வீட்டு அடைவு நோபடி ஆகிவிட்டது. அவர் கோப்புகள் வட்டில் 101000 என்ற எண்ணோடு கிடந்தன; புது இணைப்பில் 101000க்கு உள்ளே ஆளே இல்லை.

அன்று ஞாயிறு. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. ஐடிமேப்பை முழுதாகக் கழற்றி எறிந்தேன். மூன்று கண்டெய்னருக்கும் மூன்று மூன்று வரி, பயனருக்கு ஒருமுறை, குழுவுக்கு ஒருமுறை, ஒவ்வொன்றிலும் கழித்தல் கணக்கு. என்னைப் போன்ற கைக்கு அது ஆகாது.

வேலை செய்த வழி எளிமையானது. பயனர் எண்கள் எப்படியாவது இருக்கட்டும். குழு எண் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். மூன்று கண்டெய்னருக்குள்ளும் பொது என்ற பொருளில் ஒரு குழு, எண் 5000. கோப்புறையைத் தொட வேண்டிய ஒவ்வொரு பயனரையும் அதில் சேர்த்தேன். வெளியே அதன் எண் 105000. ஹோஸ்டில் அந்தப் பெயரில் குழுவே தேவையில்லை, எண் போதும். ஹோஸ்டிலிருந்து அச்சு டேட்டாசெட் முழுவதன் குழுவையும் 105000 ஆக்கினேன். 0 என்று கிடந்த உரிமையாளரை 100000 ஆக்கினேன். அடைவுகளுக்கு மட்டும் 2770. முன்னால் இருக்கும் 2 முக்கியம்: அந்த அடைவுக்குள் பிறக்கும் எதுவும், யார் உருவாக்கினாலும், அடைவின் குழுவையே எடுத்துக்கொள்ளும்.

குழு சரி. அடுத்தது அனுமதி. புதிதாகப் பிறக்கும் கோப்பில் குழுவுக்கு எழுதும் உரிமை இயல்பாகவே இருக்க வேண்டும். ஆனால் புதுக் கோப்பில் எந்த உரிமையைக் கழிப்பது என்று சொல்லும் யூமாஸ்க் இயல்பாக 022. குழுவின் எழுதும் உரிமையை அது அறுத்துவிடும். அதை 002 ஆக்க மூன்று இடத்தில் அலைந்தேன். ஈடிசியில் ப்ரொஃபைல் கோப்பில் எழுதினேன். நான் உள்ளே நுழைந்து பார்த்தால் 002, ஸ்கேன் சேவை எழுதினால் பழைய கதை. சிஸ்டம்டி தொடங்கும் சேவை அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. லாகின் டெஃப்ஸ் கோப்பு, அதுவும் உள்நுழைபவர்களுக்குத்தான். கடைசியில் சேவையின் அலகுக் கோப்புக்கு மேலெழுதும் துண்டு ஒன்றில் யூமாஸ்க் 0002. அது பிடித்தது. ஆனால் இப்படி ஒவ்வொரு சேவைக்கும், ஒவ்வொரு கண்டெய்னரிலும் தனித்தனியாக எழுத வேண்டும். நாளை நான்காவதாக ஒன்று வந்தால் நிச்சயம் மறப்பேன்.

அதனால் இயல்புநிலையைக் கோப்புறையோடேயே கட்டிவைக்க ஏசிஎல் பக்கம் போனேன்; தனித்தனிப் பயனருக்கும் குழுவுக்கும் உரிமை எழுதும் பட்டியல் அது. ஓர் அடைவில் இயல்பு ஏசிஎல் இருந்தால் அதற்குள் பிறக்கும் கோப்புக்கு யூமாஸ்க் செல்லாது. ஹோஸ்டில் செட்எஃப்ஏசிஎல் கட்டளை: 105000க்குப் படிக்க, எழுத, அடைவுக்குள் நுழைய. பெரிய எக்ஸ் போட்டால் நுழையும் உரிமை அடைவுகளுக்கும், ஏற்கெனவே இயக்க உரிமை உள்ள கோப்புகளுக்கும் மட்டும் போகும், மற்றக் கோப்புகளுக்குப் போகாது. அடித்தேன். "இந்தச் செயலுக்கு ஆதரவில்லை."

ஈஎக்ஸ்டி4இல் ஏசிஎல் இயல்பாகவே திறந்திருக்கும். ஈஎக்ஸ்டி4 அமைப்பைக் காட்டவும் மாற்றவும் உதவும் ட்யூன்2எஃப்எஸ் எடுத்துப் பார்த்தால் இயல்பு மவுண்ட் விருப்பங்கள் என்ற வரியில் ஏசிஎல் என்று எழுதியே இருக்கும். இசட்எஃப்எஸ்இல் அப்படி இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் தானே உருவாக்கும் கண்டெய்னர் வட்டுகளுக்கு அதைத் திறந்துவிடுகிறது. நான் கையால் உருவாக்கிய டேட்டாசெட்டுக்கு நான்தான் திறக்க வேண்டும். ஏசிஎல்டைப் என்ற பண்புக்கு போசிக்ஸ்ஏசிஎல். கூடவே எக்ஸ்ஆட்டர் என்ற பண்புக்கு எஸ்ஏ. ஏசிஎல் விவரம் தனி மறைவுக் கோப்பாகப் போகாமல் கோப்பின் தலைப்பகுதியிலேயே உட்காரும், வேகம். இரண்டாவது மாற்றம் இனிமேல் எழுதுபவற்றுக்கு மட்டும்தான் பொருந்தும். டேட்டாசெட் பிறந்த அன்றே, ஒரு கோப்பும் போடுவதற்கு முன்பே, இதைச் செய்திருக்க வேண்டும்.

மறுபடி செட்எஃப்ஏசிஎல். ஒருமுறை இருக்கும் கோப்புகளுக்கு, ஒருமுறை இயல்பாக இனி வருபவற்றுக்கு. 101க்குள் போய், ஏசிஎல்லைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் போட்டேன். 105000 என்று வெளியே எழுதியது உள்ளே பொதுக் குழுவின் பெயராகவே தெரிந்தது. டச் கட்டளையால் ஒரு வெற்றுக் கோப்பு. குழுவுக்குப் படிக்கவும் எழுதவும் உரிமை. அக்கா கணினியிலிருந்து ஒரு சோதனை, சேமித்தது. மாமாவிடம் முடிந்தது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் ஃபோனே இல்லை.

மூன்றாம் நாள் க்ரான் கோப்பை வேறு ஏதோ வேலைக்காகத் திறந்தபோதுதான் அந்த 777 வரி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நாற்பதாயிரத்துச் சொச்சம் கோப்புகளின் மீது. அனுமதி மாறாவிட்டாலும் ஒவ்வொன்றின் மாற்ற நேரமும் புதிதாக எழுதப்படும். எழுதுவதையெல்லாம் புது இடத்தில் எழுதும் இசட்எஃப்எஸ்இல் அத்தனையும் ஸ்னாப்ஷாட்டின் எடையாக ஏறும். கரகரவுக்கும் காரணம் அதுதான், இரண்டு நாள் அமைதிக்கும் அதுதான். வரியை அழித்தேன். அன்று இரவே டிஸ்க்குகள் அமைதியாகிவிட்டன.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு ஃபோன் வந்தது. இந்தமுறை திறக்கவே முடியவில்லையாம்.

கெட்எஃப்ஏசிஎல் விவரத்தைப் பொறுமையாகப் படித்தேன். பொதுக் குழுவின் வரியில் படிக்க, எழுத என்று எல்லாம் இருந்தது. அதே வரியின் ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில், நடைமுறையில் என்று போட்டு மூன்று கோடு. ஒன்றும் இல்லை என்று பொருள். ஏசிஎல்லுக்கு மேல் மாஸ்க் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கோப்பை உருவாக்கும் நிரல் என்ன அனுமதி கேட்கிறதோ அதன் குழுப்பகுதிதான் அந்த மாஸ்க்கை முடிவுசெய்யும். டச் 666 கேட்கும். மாஸ்க்கில் படிக்க எழுத இருக்கும். என் பைத்தான் நிரல் முதலில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, எழுதி முடித்தபின் பெயரை மாற்றுகிறது. அந்தத் தற்காலிகக் கோப்பு 600 என்று பிறக்கும். பாதுகாப்புக்காக அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். குழுப்பகுதி பூஜ்யம், மாஸ்க் பூஜ்யம். ஏசிஎல் தாராளமாகக் கொடுத்ததை மாஸ்க் வாசலில் நின்று பறித்துக்கொண்டது. சிபி கட்டளையால் நகலெடுத்த பழைய 644 கோப்புகளும் இதே நோயாளிகள். அவற்றில் படிக்க மட்டும்.

நிரலில் பெயர் மாற்றும் வரிக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தேன், அனுமதியை 660 ஆக்கும்படி. ஏசிஎல் உள்ள கோப்பில் குழுப்பகுதியை மாற்றினால் மாறுவது மாஸ்க்தான். எனவே அது போதும். இரண்டு மாதத் தொல்லைக்கு முடிவு கட்டியது அந்த ஒரு வரி.

சாம்பாவையும் விட்டுவைக்கக் கூடாது. அதன் இயல்பு, கோப்புக்கு 744, அடைவுக்கு 755. குழுவுக்கு எழுத்து இல்லை. உரிமையாளருக்கோ தேவையில்லாத இயக்க உரிமை. அழைப்பிதழ் பிடிஎஃப் எதற்கு இயங்க வேண்டும்? பகிர்வின் பகுதியில் க்ரியேட் மாஸ்க் 0660, ஃபோர்ஸ் க்ரியேட் மோட் 0660, டைரக்டரி மாஸ்க் 2770, ஃபோர்ஸ் குரூப் பொதுக் குழு. பிறகு 777 விட்டுச்சென்ற குப்பையைக் கூட்ட ஹோஸ்டில் ஃபைண்ட் கொண்டு கோப்புகளுக்கு 660, அடைவுகளுக்கு 2770. நான்கு நிமிட வேலை.

இடையில் 102 இன்னொரு வித்தை காட்டியது. வட்டு நிறைந்துவிட்டது என்று ஸ்கேன் நின்றது. வட்டில் இடம் எவ்வளவு என்று டிஎஃப் போட்டால் மொத்தம் 7.8 ஜிபி, பயன்பாடு 7.4, மீதி 0. கழித்தால் 0.4 வர வேண்டும். ஈஎக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கும். நெருக்கடியில் ரூட்டாவது உள்ளே வந்து சுத்தம் செய்யட்டும் என்ற நல்ல எண்ணம். ஆனால் கண்டெய்னரின் ரூட் உண்மையில் 100000. ஒதுக்கியது ஹோஸ்டின் 0க்கு. உள்ளே இருக்கும் யாருக்கும் அந்த 400 எம்பி பயன்படாது. ஹோஸ்டிலிருந்து ட்யூன்2எஃப்எஸ் கொண்டு ஒதுக்கீட்டை 0 ஆக்கினேன். அடுத்த நொடி இடம் வந்தது. இனி பிறக்கும் வட்டுகளுக்கு ஹோஸ்டின் எம்கே2எஃப்எஸ் கான்ஃப் கோப்பில் ஒதுக்கீட்டு விகிதத்தையே குறைத்துவைக்கலாம். நான் செய்யவில்லை. அது ஹோஸ்டில் உருவாக்கும் எல்லா ஈஎக்ஸ்டி4க்கும் பொருந்தும். ஹோஸ்டின் சொந்த வட்டுக்கு அந்த ஒதுக்கீடு இருக்கட்டும்.

இப்போது ஒரு மாதிரிக் கண்டெய்னர் செய்துவைத்திருக்கிறேன். 5000 குழு, நோஏடைம், யூமாஸ்க் துண்டு எல்லாம் அதில் உண்டு. பைண்ட் மவுண்ட் மட்டும் இல்லை, ஏனென்றால் அது ஒட்டியிருந்தால் நகலெடுக்க விடாது. நகலெடுத்தபின் ஒட்டிக்கொள்ளலாம். கணினிப் பெட்டியின் பக்கவாட்டில், பாழான ஒரு மொய்க்கவரைக் கிழித்து எழுதி ஒட்டியிருக்கிறேன்: உள்ளே 5000, வெளியே 105000.

இன்னொன்று மிச்சம் இருந்தது. ப்ராக்ஸ்மாக்ஸின் பேக்கப் தினமும் பச்சை டிக்கோடு முடிந்துகொண்டிருந்தது. போன வாரம் ஒரு கண்டெய்னரை மீட்டுப் பார்த்தபோது, சாம்பா அமைப்பெல்லாம் இருந்தது. முப்பது வருட அழைப்பிதழில் ஒன்றுகூட இல்லை. பைண்ட் மவுண்டுக்குள் இருப்பதை அந்தப் பேக்கப் தொடுவதில்லை. சின்க்திங் நகல் என் வீட்டில் இருக்கிறது என்றாலும், இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். ஆகவே 2 டிபி யுஎஸ்பி டிஸ்க் ஒன்று, 5,400 ரூபாய். சனிக்கிழமை மாலை அச்சகத்தை மூடும் முன் ஸ்னாப்ஷாட் ஒன்று அதற்குப் போகிறது. மாமா அதைக் கழற்றி, காலியான சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார். திங்கட்கிழமை கொண்டுவருவது அவர் பொறுப்பு. மறந்தால் அத்தையிடம் ஃபோன் செய்வது என் பொறுப்பு.